கரை பிஸ்கோத்து

கடலோர விடுதி ஒன்றின் விலைப்பலகையில் அதற்குப் பெயர் சாக்லேட் சிப் குக்கீ. மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அதைக் கடித்துக்கொண்டே கடற்கரைக்கு நடப்பார்கள். விடுதி அடுக்களையில் அதைச் சுட்டவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. மீனவக் குடும்பம். அவருடைய வீட்டுக்காரரும் கொழுந்தனும் சொந்த ஃபைபர் படகில் கடலுக்குப் போய்வந்தார்கள். நான் தொண்ணூறுகளின் நடுவில் கணவரின் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, உள்ளூர்ப் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன்.

ஒரு சீசன் முழுக்க விடுதியில் தங்கிய வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, கைஜாடையிலேயே அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தாளாம். அக்கா அதை அப்படியே விட்டுவைக்கவில்லை. உப்புக்காற்றில் பிஸ்கோத்து அரை நாளில் நமத்துப்போகும் என்பதால், வீட்டுக்கென்று சுடும்போது வெண்ணெயைக் குறைத்து, இரண்டாம் முறையும் சூட்டில் வைத்து மொறுமொறுவென்று எடுப்பார். சாக்லேட் கட்டியை அரிவாள்மனையில் சீவிப் போடுவார். சுட்டதைச் சம்படத்தில் கொண்டுவந்து அவர் மூடியைத் திறந்தால், நான் திருத்திக்கொண்டிருக்கும் பரீட்சைத் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுந்து போவேன்.

குப்பத்தில் முதலில் யாரும் அதைச் சீண்டவில்லை. வெள்ளைக்காரன் தீனி என்று ஒதுக்கினார்கள். பெயர்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. தமிழ் டீச்சர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? நீளமாக ஒரு தூய தமிழ்ப் பெயரைச் செய்துகொண்டு போனேன். அக்கா அதைப் பாதி சொல்வதற்குள் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டொரு நாள் அவரோடு பேசவே இல்லை.

பெயரை அவரே வைத்தார். ஆண்கள் இருவரும் விடியலுக்கு முன் கிளம்பும்போது சோற்றுத் தூக்கோடு ஒரு பொட்டலம் பிஸ்கோத்தும் கொடுத்தனுப்புவார். அவர்கள் அலை தாண்டுவதற்குள்ளேயே அதைக் காலி செய்துவிட்டு, திரும்பும்போது பசியில் எரிந்துவிழுந்துகொண்டு வருவார்கள். ஒரு நாள் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியில் லைட் ஹவுஸ் தலை கண்ணில் பட்ட பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

"இது கரை பிஸ்கோத்து. கரை தெரிஞ்சாத்தான் துன்னணும்" என்றார்.

அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்கிறீர்கள்! மற்றப் படகுக்காரர்களும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு அது கடலிலிருந்து ஊருக்குள் ஏறியது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளைகளுக்குக் கரை பிஸ்கோத்து. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து வீடு திரும்புகிறவளுக்கும் அதுதான். என் மகளோடு நான் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, ஆரத்தித் தட்டு வருவதற்கு முன்னாலேயே அக்கா என் வாயில் ஒன்றைத் திணித்தார். ஆனால் பாதியில் நிற்கிற எதற்கும் தரமாட்டார். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டதற்கு, கூரை போட்டதும் வா என்று அனுப்பிவிட்டார். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குப்பத்தையே காத்திருக்க வைத்த அவரைப் பார்த்து, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஐப்பசியில் அவர்களுடைய படகு திரும்பவில்லை. மதியத்துக்குள் வர வேண்டியவர்கள் மறுநாள் விடிந்தும் வரவில்லை. மற்றப் படகுகள் தேடப் போயின. நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, மணலில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் அழவில்லை. சோறு நேற்றே தீர்ந்திருக்கும், ஆனால் பிஸ்கோத்து இருக்கிறது, தாங்கிவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு பொட்டலத்தை நம்பித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம், சதுரங்கப்பட்டினம் பக்கத்துப் படகு ஒன்று அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுபோய், காற்று தள்ளிய பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆனால் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. கடைவாயில் சாக்லேட்.

அக்கா அந்த வாயையே பார்த்தார். பொட்டலத்தை எப்போது பிரித்தாய் என்று கேட்டார்.

"இப்பத்தான். லைட் அவுசு தெரிஞ்சப்புறம்."

"அப்ப நேத்திலேர்ந்து இன்னாத்தயா துன்ன?"

"ஒண்ணும் துன்னல. கரை தெரியலியே."

பிரித்துத் தின்னலாம் என்று தான் கெஞ்சியதாகவும், பிரித்துவிட்டால் கரையே வராது என்று அண்ணன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு விடவில்லை என்றும் கொழுந்தன் பின்னாலிருந்து முறையிட்டான். அக்கா வீட்டுக்காரரின் தோளில் பளார் பளாரென்று அடித்தார். பிறகு அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். வீட்டுக்காரர் மட்டும், மிச்சமிருந்த துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இனி அந்தப் பெயரை அக்கா எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை படகுக்கு இரண்டு பொட்டலம் போயிற்று. ஒன்று கரை பிஸ்கோத்து. மற்றதிலும் அதே மாவு, அதே சாக்லேட், அதே மொறுமொறுப்பு. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

அக்கா பொட்டலத்தை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"பசிச்சா துன்றதுக்கு இன்னாத்துக்கு டீச்சர் பேரு?"