ஒரே கட்டுரைக்கு இரண்டும் ஐந்தும்

சாத்தூர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் தமிழ் எம்.ஏ. முடித்தவள் இருளம்மாள். கட்டுரைத் திருத்தம் பற்றி ஆராய்ச்சி செய்துவந்த அருணாதேவி, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளை அவளிடமும் ஓர் ஆசிரியரிடமும் கொடுத்துத் தனித்தனியாக ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். இருவர் மதிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

வெடிவிபத்தில் கை வெந்த அம்மாவுக்குச் சோறு ஊட்டியதை ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அதற்கு ஆசிரியர் இரண்டு போட, இருளம்மாள் ஐந்து போட்டிருந்தாள். ஆசிரியர் போட்டதைப் பார்த்ததும் இருளம்மாளுக்குக் கூச்சமாகிவிட்டது.

“மாத்திப் போட்டுரட்டுமா மேடம்?”

“மாத்தாதீக. ஏன் அஞ்சுன்னு சொல்லுங்க.”

“அம்புட்டும் பிழைதான். ஆனா நடந்தது கண்ணு முன்னால தெரியுது.”

ஆசிரியர் பிழையை மட்டுமே பார்த்திருந்தார். எதைப் பார்ப்பது என்று தான் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அருணாதேவிக்கு அப்போதுதான் புரிந்தது. பிழைக்கும் சொல்லும் விதத்துக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்தார். மறுபடி திருத்தியபோது, சொன்ன விதத்துக்கு ஆசிரியரும் ஐந்து போட்டார். பிழைக்கு இருளம்மாள் ஒன்றுதான் போட்டாள்.