மூன்று மணித்தியாலக் கசெற்

எண்பத்தாறின் குளிர்காலத்தில் ஒரே மாதத்தில் வீடியோவில் நான்கு படங்கள் பார்த்தோம். நான்கிலும் கதாநாயகனின் தாய் செத்துப்போனாள். மூன்றாவது படத்தில் அவள் இருமத் தொடங்கியதுமே, இன்னும் அரை மணித்தியாலம்தான் தாங்குவாள் என்று பந்தயம் கட்டினேன். அகதி விடுதியின் அந்த அறையே சிரித்தது. பக்கத்துக் கட்டில் அண்ணை மட்டும் தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்து போனார். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

படக் கசெற்றுகளைத் தபாலில் அனுப்பியவர் வேறு மாவட்டத்தில், ஹம் நகரில் இருந்த அண்ணையின் மச்சான். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை மாவட்டத்தைத் தாண்ட எங்களுக்கு அனுமதியில்லை. ஊருக்குப் போவதை நினைக்கவே முடியாது. அண்ணையின் விசாரணை அடுத்த கிழமை இருந்தது. அவருடைய தங்கை ஊரிலிருந்து எழுதும் கடிதங்களின் அடியில் தாய் நடுங்கிய கையால் ஒரு கையெழுத்துப் போடுவார். கடைசி இரண்டு கடிதங்களில் அது இல்லை. அம்மாவுக்குக் கண் தெரிவதில்லை என்று தங்கை எழுதியிருந்தாள். அண்ணை அதை என்னிடம் வாசிக்கத் தந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் அதை நம்பவில்லை.

நான்காவது படம் சுத்த அறுவை. முடிந்ததும் அண்ணையையும் என்னையும் விட்டு மற்றவர்கள் சமைக்கப் போனார்கள். கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி வைப்பது என் வேலை, சோம்பலில் ஓடவிட்டிருந்தேன். திரையில் கொஞ்ச நேரம் வெறும் புள்ளிகள். பிறகு ஒரு பந்தல், வெள்ளைச் சேலைகள், பறைச் சத்தம்.

வரமுடியாத பிள்ளைகளுக்காகச் செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். விசாரணைக்கு முன் அண்ணை உடைந்துபோகக்கூடாதென்று, ஊரிலிருந்து தன்னிடம் வந்த அந்தக் கசெற்றின்மேல் படத்தைப் பதிந்ததாக மச்சான் பிறகு சொன்னார். முழுக்க அழிந்துவிட்டதென்று நினைத்தாராம். படம் இரண்டரை மணித்தியாலம், கசெற் மூன்று.

நிறுத்தக் கை நீட்டினேன்.

"விடு தம்பி. அது எங்கட படலை."

பாடை அந்த வாசற் படலையைத் தாண்டிப் போயிருந்தது. வழக்கப்படி பெண்கள் அதோடு நின்றுவிட்டார்கள். தங்கை மண்ணில் விழுந்து கிடந்தாள்.

"பின்னுக்குச் சுத்து. அம்மான்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

சுற்றினேன். படம்தான் வந்தது. இன்னும் சுற்றச் சொன்னார். சண்டை வந்தது, பாட்டு வந்தது, கதாநாயகனின் தாய் செத்துக் கிடக்கும் இடம் வந்தது.

"அதில நிப்பாட்டு," என்றார்.

அசையாமல் நின்ற அந்த நடிகையின் முகத்தைப் பார்த்து அண்ணை அழத் தொடங்கினார்.