காலையில் புகைவிடும் சிவப்புக் காடி

பழைய காடி விற்கிற தொழிலில் பொய் சொன்னால் என்றைக்காவது ஒருநாள்தான் மாட்டுவோம், உண்மையைச் சொன்னால் அன்றைக்கே மாட்டிக்கொள்வோம். கடையில் நின்று எதையாவது விற்றுப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு பழைய காடிக் கடையில் விற்பனை பார்ப்பவள் நான்; காரை இங்கே காடி என்போம். வருகிறவர்கள் முதலில், "காடியப் பத்தித் தெரிஞ்சவங்க யாரும் இல்லையாக்கா?" என்பார்கள். "நான்தான்" என்பேன். உடனே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், அங்கே ஓர் ஆம்பளை நிற்பார் என்று. அங்கே இருப்பது தண்ணீர் மெஷின்.

வந்த கதை

பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டர் ஒருவருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டே கதவு வைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடியை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வார்? அதைக் கொடுத்துவிட்டு வேன் எடுக்க வந்தார். நல்ல சிவப்பு, கீறல் கிடையாது. எதையும் ஒளிக்காமல் சொன்னார்: என்ஜினில் ரிங் தேய்ந்துவிட்டது, காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வரும், ஆயில் குடிக்கும். எனக்கு வேனைத் தள்ளிவிடுகிற அவசரம். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் பாஸ் மூர்த்தி வந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். புகை விலகி அவர் முகம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. எங்களுக்குச் செமினியிலும் ஒரு கடை உண்டு. கிள்ளானில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் ஜாமில் செமினிக்குப் போய்வருவதென்றால், சமைப்பதும் இல்லை, தூங்குவதும் இல்லை. அது அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "செல்வி, நீ எடுத்த, நீயே வித்துடு. தீபாவளிக்குள்ள இது போகலன்னா நீ செமினிக்குப் போ லா."

கை வைத்துப் பாருங்கள்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் வருவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான என்ஜின் அவ்வளவாகப் புகையாது. நான் அதைச் செய்வதில்லை. அரிச்சந்திரன் பரம்பரை என்பதால் இல்லை. கிள்ளானில் இன்றைக்கு நான் ஏமாற்றிய ஆள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சோறு இறங்க வேண்டாமா? அதனால் போனட்டைத் திறந்து, "கை வெச்சுப் பாருங்க, ஆறிக் கெடக்கு" என்று காட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன்.

முதலில் கை வைத்தது ஓர் ஆன்டி, மகனுக்குக் காடி பார்க்க வந்தவர். ரிங் தேய்ந்ததைச் சொன்னேன், தலையாட்டினார். புகையைக் காட்டினேன், "ஊதுபத்தி மாதிரி" என்றார். மகன் முகமெல்லாம் பல். எனக்கும் செமினி கொஞ்சம் தள்ளிப் போனது. அப்புறம் ஆன்டி நம்பர் பிளேட் முன்னால் போய் நின்று விரல்விட்டுக் கூட்டினார். கூட்டுத்தொகை எட்டு. மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நம்பரை மாற்றிக்கொள்ளலாம் ஆன்டி என்று பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நம்பர நீ மாத்துவம்மா, சனீஸ்வரன் மறந்துருவாரா?"

உண்மையின் விலை

அடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை. கோயிலுக்கு வந்தவர்போல் பவ்யமாகக் காடியைச் சுற்றி வந்து, "மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?" என்று கேட்டார். "பெட்ரோலுக்கா, ஆயிலுக்கா?" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரிங், புகை, டிக்கியில் எப்போதும் ஓர் ஆயில் போத்தல் இருக்க வேண்டும் என்பது வரைக்கும். அவர் காடியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து காடியின் அடியைப் பார்த்தார். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ பெரிய குறையையே நீங்களா சொல்றீங்கன்னா, சொல்லாதது எவ்ளோ பெருசா இருக்கும்கா!"

மாப்பிள்ளை ஊர்வலம்

தீபாவளி நெருங்கிவிட்டது. தெருவில் முறுக்கு மாவு வாசனை வருகிறது, எனக்குச் செமினி வாசனைதான் வருகிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்தார். தம்பியின் கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை இந்தக் காடியில் வந்து இறங்க வேண்டும், எல்லாருக்கும் பிடித்தால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பாஸ் சம்மதித்தார். ஓட்டுவதற்கு நானே போனேன், பட்டுச் சேலையும் ஆயில் போத்தலுமாக.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையைக் காக்க வைத்தார்கள். என்ஜினை நிறுத்தினேன். ஆரத்தித் தட்டு வருவதற்குள் நன்றாக ஆறிவிட்டது. காடி வாசலுக்குள் வருவதைப் படமெடுக்கப் போட்டோக்காரர் கையைக் காட்டினார், சாவியைத் திருப்பினேன். ஐயோ சாமி! மாப்பிள்ளையைக் காணோம், ஆரத்தியைக் காணோம், மேளக்காரர் இருமுகிற சத்தம் மட்டும் வருகிறது. காடி எடுப்பதாகச் சொன்ன அண்ணன் அன்றைக்கே மனம் மாறிவிட்டார். அத்தனை பேரில் ஒருவருக்குத்தான் திருப்தி. புகைக்குள்ளிருந்து போட்டோக்காரர் கத்தினார்: "அக்கா, செம்மயா இருக்கு, இன்னொரு தடவ விடுங்க!"

விற்க வந்தவள்

அடுத்து, கேரி தீவிலிருந்து வந்த ஓர் இளைஞருக்குத் துறைமுகத்தில் முதல் வேலை. தினமும் ஷிப்டுக்கு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். காடியைப் பார்த்ததுமே அவருக்குக் கண் அதில்தான். நான் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. ரிங் என்றேன், "பரவால்லக்கா" என்றார். புகை என்றேன், "பரவால்லக்கா." வேறு காடியே பார்க்க மாட்டேன் என்றார். பாஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.

சரி என்று ஒரு வார்த்தை போதும். நான் கிள்ளானிலேயே இருந்துவிடலாம். ஆனால் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், ஆள் அரவம் இல்லாத ரோட்டில், ஷிப்டுக்கு நேரமாகிப் போனும் கையுமாக நிற்கிற அந்தப் பையனின் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் வேலை அது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. "இது வழியில ரொசாக் ஆகி நின்னுட்டா உங்க வேலையும் போயிடும் தம்பி" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற வெள்ளைக் குட்டிக் காடியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதைத்தான் எடுத்தார். பாஸின் கட்டைவிரல் இறங்கிவிட்டது. சாவியை வாங்கும்போது அந்தத் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்: "அக்கா, நீங்க விக்க வந்தீங்களா, தடுக்க வந்தீங்களா?"

கடைசி வாடிக்கையாளர்

என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். வேலை முடிந்து சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருவார். கடைக்குள் வர மாட்டார், வெளியே அந்தச் சிவப்புக் காடியின் பக்கத்தில்தான் நிற்பார். நிழலுக்கு நிற்கிறார் என்று நினைத்திருந்தேன். அங்கே நிழலே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் உள்ளே வந்தார். நேராக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "அந்தக் காடிய நான் எடுத்துக்கிறேன். நீ செமினிக்குப் போனா வீட்ல பேச்சுத் துணைக்கு யாரு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, கையிலிருந்த பேனாவை அவர் மேல் எறியலாமா என்றும் இருந்தது. தொழில் தொழில்தான். போனட்டைத் திறந்து, "ஏங்க, கை வெச்சுப் பாருங்க" என்று தொடங்கி, ரிங், புகை, ஆயில் போத்தல் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பாஸ் வேறு பக்கத்தில் நின்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "உன்னக் கட்டிக்கும்போது உங்க வீட்ல இவ்ளோ வெவரமா யாரும் சொல்லலையே!"

எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்ட அன்றைக்குக் கோயில் வாசலில் கற்பூரத்தைவிட எங்கள் காடிதான் அதிகம் புகைந்தது. நான் இன்றைக்கும் கிள்ளான் கடையில்தான் நிற்கிறேன், நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்று வேலைக்கு மட்டும் பஸ்ஸில் வருகிறேன்.