பலன்: காதில் தொங்கும்

உங்கள் வீட்டில் ஒருவர் காதில் ஒரு ஜோடிப் பறவைத் தோடு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று சொல்லிவிடுவீர்களா? சொல்ல மாட்டீர்கள். தோடு போட்டவரின் முகத்தையே நிமிர்ந்து பார்க்காத வீடுகளில், தோட்டிலுள்ள பறவையின் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்ப்பவள் ஒருத்தி இருக்கிறாள். கைவினைச் சந்தையில் அவளுக்குத் தோட்டுக்காரி என்று பெயர். அரைக்காதாகக் கேட்டவர்கள் தோட்டக்காரி என்று எண்ணிக்கொண்டு வந்து செடி விசாரிப்பதும் உண்டு.

பை தைக்கும் பட்டறையில் மிஞ்சும் தோல் துண்டுகளை வாங்கி வந்து, சமையலறை மேசையில் வைத்துத் தோடு செய்கிறாள். ஒரு ஜோடியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடும் பழக்கம் இல்லை. முதலில் எல்லாத் துண்டுகளிலும் அட்டை அச்சை வைத்துக் கோடு போடுவாள். பிறகு எல்லாவற்றையும் வெட்டுவாள். அதற்குப் பிறகு ஓரச் சாயம், அப்புறம் துளை, கடைசியில் கொக்கி. ஒரு சிறு தொழிற்சாலையின் வேலை. வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் பொழுதுபோக்கு. அவள் கணவர் விடுமுறை நாள் முழுக்கச் சோபாவில் படுத்து டிவி பார்ப்பாரே, அதற்குப் பெயர் களைப்பாம்.

தோலுக்கு ஒரு பக்கம்தான் முகம். வழவழப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும். பின்பக்கம் சொரசொரவென்று இருக்கும். ஆகவே பாதிப் பறவைகளுக்குக் கோடு போட்டதும், அச்சைப் புரட்டிப் போட்டு மீதியை வரைய வேண்டும். அப்போதுதான் ஜோடி ஒன்றையொன்று பார்க்கும். ஒரு நாள் இப்படிப் பாதி முடிந்தது. அச்சைப் புரட்டி வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். கணவர் வந்தார். டீ டம்ளர் வைக்க அவருக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது; மேசையிலிருந்த அச்சு அகப்பட்டது. குடித்து முடித்ததும், டம்ளரின் ஈர வட்டம் தெரியாமல் இருக்க அட்டையை மிகுந்த பொறுப்புடன் மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவள் வந்து, தான் புரட்டி வைத்தபடியே இருக்கிறது என்ற நினைப்பில் மீதியையும் வரைந்து முடித்தாள்.

மொத்தமாகச் செய்யும் வேலையில் தவறும் மொத்தமாகத்தான் வரும். சந்தைக்கு முந்தின மாலை, கொக்கி மாட்டி ஜோடி சேர்க்கும்போதுதான் தெரிந்தது.

“எல்லாம் ஒரே பக்கம் பாக்குது,” என்றாள்.

“ஒழுங்காத்தானே இருக்கு. அதுல என்ன?” என்றார் கணவர்.

“ஒண்ணு மூஞ்சியப் பாக்கும். இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டுத் தோளப் பாக்கும்.”

“நம்மள மாதிரின்னு வச்சுக்கோயேன்.”

அன்றைக்கு அவர் சொன்னதில் உண்மையானது அது ஒன்றுதான்.

மறுபடி வெட்டத் தோல் இல்லை. மேசை காலியாகக் கிடந்தால் அடுத்த மாதம் இடம் கிடையாது என்பது சந்தை நடத்துபவரின் சட்டம். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருத்தி காத்திருந்தாள்: பக்கத்து மேசைக் கல்லக்காவின் தங்கை.

கல்லக்கா விற்பது கைச்சங்கிலி. நீலக் கல் மன அமைதிக்கு, பச்சைக் கல் வேலை கிடைக்க. எல்லாம் ஒரே கடையில், ஒரே மூட்டையில் வாங்கிய கண்ணாடி மணிகள். வேலை இல்லாதவனும் மன அமைதி இல்லாதவனும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பதால், அவன் இரண்டையும் வாங்கிப் போவான்.

காலையில் பறவைகளைப் பார்த்ததும் கல்லக்கா வழி சொன்னாள்.

“இதுக்கா முழிக்கிற? ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா வீட்ல சண்டை வராதுன்னு எழுதி வை தங்கச்சி. மத்தியானத்துக்குள்ள காலியாயிடும்.”

“எங்க வீட்ல வந்துச்சேக்கா.”

“அத எழுதாத.”

தோட்டுக்காரி ஓர் அட்டையில் எழுதி வைத்தாள்: ‘வரையும்போது நேர்ந்த தவறு. இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும். தோல் நல்ல தோல்.’

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்று படித்தாள். கல்லக்காவின் மேசையிலிருந்து நேராக வந்தவள். கேள்வியும் அங்கிருந்தே கூட வந்திருந்தது.

“இதப் போட்டா என்ன பலன்?”

“காதுல தொங்கும்.”

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தவர்களும் வந்தார்கள். மதியத்துக்குள் பாதிப் பறவைகள் போயிருந்தன. அப்போதுதான் சந்தை நடத்துபவர் வந்து அட்டையைப் படித்தார்.

“தப்புன்னு நீங்களே எழுதி வச்சா சந்தை பேரு என்னாகும்மா? ஒரு நல்ல கதையா எழுதக் கூடாதா?”

“கதைன்னா பொய்யா சார்?”

“நம்பிக்கைம்மா. அட்டைய எடுத்துட்டா அடுத்த மாசமும் எடம் இருக்கு. யோசிங்க.”

அவள் எடுக்கவில்லை. மேசை கல்லக்காவின் தங்கைக்குப் போய்விட்டது. கணவரின் டம்ளர் செய்த தவறைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டவள் வெளியே; கண்ணாடி மணியில் வேலைவாய்ப்பு விற்பவர்கள் உள்ளே. சந்தையின் பேர் பத்திரம்.

இனி வாசலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் துணி விரித்து உட்காரப் போகிறாள். அடுத்த சந்தைக்குப் போனால், நுழையும் முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். பிடித்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஆனால் உள்ளே போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நீலக் கல் மேசை முன் நின்று, “அமைதி வரலேன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள்.