தேதியைத் திருப்பிப் போட்ட விமலா

விமலா போய்விட்டாள். இன்று காலை கோலா குபு பாருவிலிருந்து அவள் மகன் போன் செய்தான்... அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். நான் ஆபீஸைத் திறந்து, கூட்டி, தேத்தண்ணி கலக்குகிறவள்.

எண்பதுகளின் நடுவில் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்தது. என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு அந்த வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு. மூன்று பிள்ளைகள்...

மேனேஜர் புதுசு. ஆபீஸைத் திறக்கிற ஆளே கம்ப்யூட்டரையும் ஓடவிட்டு வைக்க வேண்டும், கணக்கெழுதும் கிராணி வந்ததுமே வேலையாட்களின் பேரைப் பதிய அது தயாராக இருக்க வேண்டும் என்றார். என்னால் முடியாவிட்டால் கம்ப்யூட்டர் தெரிந்த வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நம்பர் மட்டும் தெரியும். விமலாவிடம் போய் அழுதேன்.

"அழுவாதீங்கக்கா. பாக்கத்தான் பெருசு. சொன்னத மட்டும்தான் கேக்கும் லா."

மெஷின் எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவளே தொடங்கும்போது போடுகிற டிஸ்க்கில் எழுதி வைத்தாள். நான் டிஸ்க்கைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் போதும். அது தேதி கேட்கும். காலண்டரைப் பார்த்து அடிப்பேன். சம்பளக் கணக்கு தானாக வந்து நிற்கும்.

ஒன்றாம் தேதி தொடங்கினேன். நன்றாகத்தான் போனது...

பதிமூன்றாம் தேதி மாட்டேன் என்றுவிட்டது. அடிக்க அடிக்கத் திரும்பவும் தேதியையே கேட்டது. பின்னால் மேனேஜர் நிற்கிறார்.

"நான் அப்பவே சொன்னேன். நாளைக்கு வேற ஆளு."

அந்த நேரம்தான் விமலா பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் குனிந்து பார்த்தாள். அந்த மெஷினுக்கு மாதம் முதலில் வர வேண்டுமாம். நான் நம் வழக்கப்படி நாள் எண்ணை முதலில் அடித்திருக்கிறேன். பன்னிரண்டு வரைக்கும் அதை மாதம் என்று நினைத்து வாங்கிக்கொண்டது. பதிமூன்றாவது மாதத்துக்கு அது எங்கே போகும்?

"சார், அக்கா சரியாத்தான் அடிச்சிருக்காங்க. நான்தான் மெஷினுக்குச் சொல்லி வைக்கல."

"அப்ப அவங்கள மாத்தி அடிக்கச் சொல்லு."

"அவங்க எதுக்கு சார் மாறணும்? மெஷின் மாறட்டும்."

அவளுக்கே அப்போது வேலை நிரந்தரம் இல்லை. அவர் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னாள்.

உட்கார்ந்து அந்த டிஸ்க்கில் ஒரு வரி சேர்த்தாள். மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். "இப்ப அடிங்கக்கா."

காலண்டரில் இருந்தபடியே அடித்தேன்... வாங்கிக்கொண்டது.

மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். விமலா என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி எங்கக்கா? தொண்ட காயுது" என்றாள்.

முன்னால் தப்பாகப் பதிந்த தேதிகளையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவளே திருத்தினாள். நான் பக்கத்தில் நின்று விசிறினேன். "போய்ச் சாப்பிடுங்கக்கா, நீங்க நின்னா அது வேகமா ஓடாது" என்று விரட்டினாள்.

வேறு ஆள் வரவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் அந்த லயத்து வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவன் வேலைக்குப் போகும்வரை யாரும் எங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

போன தீபாவளிக்குப் பார்த்தபோது ரொம்ப மெலிந்திருந்தாள். கேட்டதற்கு, "சுகர்க்கா... நீங்க மட்டும் என்ன, குண்டாவா இருக்கீங்க?" என்று சிரித்தாள்.

விமலா... நாங்கள் கிளம்பிவிட்டோம். மூன்று பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.