பாதை வழக்கும் ஒரு பழைய தீர்ப்பும்

நாகர்கோவிலில் வக்கீலாக நான் தனியே நடத்திய முதல் வழக்கு ஒரு பாதை வழக்கு. என் கட்சிக்காரர் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா. அவர் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரும் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பழைய உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை நீட்டினார். அடுத்தவர் நிலத்தில் பாதை கேட்ட ஒருவரின் வழக்கைத் தள்ளுபடி செய்த தீர்ப்பு அது. உயர்நீதிமன்றம் சொன்னதைக் கீழ் நீதிமன்றம் மீற முடியாது. மதியம் வரை நேரம் கேட்டு வாங்கினேன்.

“தோத்துட்டோமா மக்கா?” என்று வராந்தாவில் அக்கா கேட்டார்.

“முழுசா வாசிச்சிட்டு சொல்லுதேன்க்கா.”

சாப்பிடாமல் உட்கார்ந்து வாசித்தேன். அந்த வழக்கில் பாதை கேட்டவருக்கு ரோட்டுக்குப் போக இன்னொரு வழி இருந்தது. தள்ளுபடிக்கு அதுதான் காரணம். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மதியம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டி, “இவருக்கு வேறு வழியே இல்லை. அதனால் அந்தத் தீர்ப்பு இந்த வழக்குக்குப் பொருந்தாது” என்றேன். நீதிபதி அக்காவைப் பார்த்து, “வேற வழி உண்டுமா?” என்று கேட்டார்.

“உண்டு சாரே, மதில் ஏறிச் சாடணும். தலையில மீன் சருவத்தோட எப்பிடிச் சாடுவேன்?”

நீதிபதி சிரித்துவிட்டார். வழக்கு முடியும்வரை பாதையைத் திறந்துவிட உத்தரவும் போட்டார்.

வெளியே வந்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் என் பக்கம் குனிந்து, “நான் தீர்ப்புக்கு மேல போட்டிருக்க சுருக்கத்த மட்டுந்தான் வாசிச்சேன், கேட்டியா?” என்றார்.