சிவனம்மாள் போட்ட தரைப்பாலம்

மழை விட்டதும் சிவனம்மாள் கடப்பாரையோடு ஓடைக்கு இறங்கிவிடுவாள். தரைப்பாலத்தில் பெயர்ந்து கிடக்கும் கல்லை நெம்பி உட்கார வைப்பாள். வைக்கும்போதே கல்லைத் திட்டுவாள், தண்ணீரைத் திட்டுவாள், எதிரே வருகிற மாட்டு வண்டியையும் திட்டுவாள்.

"ஏலே, கண்ணு பொடதியிலயா இருக்கு? வண்டியப் பையப் பத்து! எவன் வந்து இந்தக் கல்லத் தூக்கி வைப்பான்?"

வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வராது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒல்லியான உடம்பு. முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய கண்டாங்கி. எப்போதும் யாரிடமோ சண்டைக்குக் கிளம்பியவள் போன்ற நடை.

அகரத்துக்கு மேற்கே, குடகனாற்றில் போய்ச் சேரும் அந்த ஓடைக்கு அக்கரையில்தான் அவளுடைய கத்தரித் தோட்டம். ஐப்பசியில் தண்ணீர் இடுப்புக்கு வரும். பறித்த காய் அக்கரையிலேயே வாடும். பாலம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். புறம்போக்கு ஓடை, அது தங்கள் பொறுப்பில் வராது என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷ மழையில் அவர்களுடைய மாட்டு வண்டி ஓடை நடுவில் குடை சாய்ந்தது. ஒரு மாடு நுகத்தடியோடு மூழ்கிச் செத்தது. அவள் புருஷன் பெரியகருப்பனின் வலது கால் சக்கரத்தடியில் நசுங்கியது. அவர் கட்டிலில் கிடந்தபோது, ஓடையின் மேல்பக்கத்து நிலக்காரர் உடையப்பன் ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்தார். பழத்தைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்:

"இனி அந்தக் காட்ட வச்சு என்ன செய்யப் போறீக? எனக்கே எழுதிக் குடுத்துருங்க."

சிவனம்மாள் பழத்தை எடுத்து வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டாள். மறுவாரம், மிஞ்சியிருந்த ஒற்றை மாட்டை விற்றாள்.

அந்தப் பணத்தில் திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து பெரிய சிமெண்டுக் குழாய்கள் வந்தன. தென்னந்தோப்புக் கண்ணுசாமியின் டிராக்டர் கோடையில் வாடகைக்கு வந்தது. டிரைவர் சூசைமாணிக்கம் சங்கிலி கட்டிப் பாறாங்கற்களை இழுத்து வந்து ஓடையின் குறுக்கே பரப்பினான். தண்ணீர் அடியில் போவதற்குக் குழாய்களைப் பதித்து, இடுக்கெல்லாம் கல்லும் சரளையும் கொட்டினான். சிவனம்மாள் கூடவே நின்றாள். மண் கலந்து வந்த ஒரு நடைச் சரளையை அப்படியே திருப்பி அனுப்பினாள். "கரைஞ்சு போறதுக்கா நான் மாட்ட வித்தேன்?"

கடைசி நாள், மேல்கல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு டிராக்டர் கரையில் நிற்கும்போது உடையப்பன் வந்தார். கண்ணுசாமி அவருக்கு மச்சினன்.

"சூசை, வண்டியத் திருப்பு. மச்சினங்கிட்டச் சொல்லியாச்சு. இதப் போட்டா தண்ணி எதுத்து என் வெங்காயக் காட்டுக்குள்ள ஏறும்."

சூசைமாணிக்கம் தலையைச் சொறிந்தான். வண்டியைத் திருப்பப் போனான். சிவனம்மாள் நேரே போய் முன்சக்கரத்துக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி சிவனம்மா. பொம்பள மாதிரி நடந்துக்க" என்று அதட்டினார் உடையப்பன்.

"பொம்பள மாதிரி நடந்துதான் இம்புட்டு வருசமா இடுப்புத் தண்ணியில கூடை செமந்தேன்! எம் புருசன் கால் நசுங்கிக் கெடந்தப்ப வந்து நெலத்த கேட்டியே அண்ணே, அப்ப ஒனக்குக் கண்ணுல தண்ணி வரல. இப்ப மட்டும் காட்டுல தண்ணி வந்துருமோ? வரட்டும். குழாய அடைச்சு நின்னா நானே வந்து பிடுங்கிப் போடுறேன். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாடகை குடுத்துருக்கேன். அதுவரைக்கும் இந்த வண்டி என்னுது!"

அவள் உதடு நடுங்கியது. அழுகையில்லை, அடுத்த வசவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சூசைமாணிக்கம் இன்ஜினை நிறுத்தினான். "அண்ணாச்சி, இந்த அக்கா மேல ஏத்தணும்னா நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லி இறங்கி, பெட்டியின் பின்பலகையைத் திறந்தான். கற்கள் சரிந்து இறங்கின. உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷ மழைக்குத் தண்ணீர் குழாய்களுக்குள் நுரைத்து ஓடியது. எந்தக் காட்டிலும் ஏறவில்லை. மேலே உடையப்பன் ஓடைக்குள் இறங்கிக் கடக்கும் வண்டித்தடத்தைத்தான் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. திண்டுக்கல் சந்தைக்கு வெங்காயம் போக வேறு வழியில்லை. ஒரு காலையில் அவருடைய வண்டி தரைப்பாலத்தில் ஏறியது. அவரே ஓட்டி வந்தார். முன்னால் கத்தரிக்காய்க் கூடையோடு சிவனம்மாள் போய்க்கொண்டிருந்தாள்.

"செத்த ஒதுங்கு தாயீ" என்றார், இதுவரை அவளிடம் பேசியிராத குரலில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடையை இறக்கிப் பாலத்தின் நட்டநடுவில் வைத்தாள். கொண்டையை அவிழ்த்து, முடியை நன்றாக உதறி, சிக்கெடுத்து, நிதானமாக மறுபடி முடிந்தாள். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, பாலம் முடியும் வரைக்கும் நடுவிலேயே, அடிமேல் அடி வைத்து நடந்தாள்.